விஞ்ஞான எண்ணக்கருக்கள் தமிழ் வகுப்பறைக்கு வந்த வரலாறு

ஆறாம் வகுப்பிலே சேரும் மாணவன் ஒருவன் விஞ்ஞான பாடநூலை முதன்முதலாகத் திறக்கும்போது, அதிற் காணும் சொற்களுட் பல அவனுக்கு ஏற்கெனவே அறிமுகமானவை. வேகம், வலு, வெப்பம், நிறை, வேலை, சக்தி ஆகியவற்றை அவன் வீட்டிலும் வீதியிலும் கேட்டு வளர்ந்திருக்கிறான். ஆயினும் பாடநூல் அச்சொற்களை வேறொரு பொருளிலே, வரையறுத்த பொருளிலே, வழங்குகின்றது. பழகிய சொல்லிலிருந்து வரையறுத்த எண்ணக்கருவுக்கு மாணவன் கடந்து செல்லும் இந்தச் சிறு பயணமே விஞ்ஞானக் கல்வியின் தொடக்கமாகும். இப்பயணத்தைத் தமிழிலே மேற்கொள்ளும் வாய்ப்பு அவனுக்கு இயல்பாகக் கிடைத்ததன்று. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்கால முயற்சியும் இடையீடும் மீள்முயற்சியும் அதன் பின்னணியில் உள்ளன.

அவ்வரலாற்றை ஈழத்தைப் பொறுத்தவரையிற் சுருக்கமாக நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். விஞ்ஞானத்தை எம்மொழியிற் கற்பிப்பது என்னும் வினா, அதனை யாருக்குக் கற்பிப்பது என்னும் வினாவிலிருந்து ஒருபோதும் பிரிந்து நின்றதில்லை என்பதே இவ்வரலாறு உணர்த்தும் செய்தி எனலாம்.

வட்டுக்கோட்டையில் ஆங்கிலவழி விஞ்ஞானம்

யாழ்ப்பாணத்திலே நவீன விஞ்ஞானம் ஒழுங்கான பாடமாகக் கற்பிக்கப்பட்ட முதல் நிறுவனங்களுள் முதன்மையானது அமெரிக்க மிசனரிமார் 1823 ஆம் ஆண்டில் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரியாகும். அதன் முதலாவது அதிபராக விளங்கியவர் டானியேல் பூர். கணிதம், இயற்கைத் தத்துவம் எனப்பட்ட பௌதிகம், வானியல் முதலியன அங்கு ஆங்கிலத்திலே போதிக்கப்பட்டன. தமிழும் வடமொழியும் பயிலப்பட்டனவெனினும் உயர்கல்வியின் வாயில் ஆங்கிலமாகவே இருந்தது.

மிசனரிமாருக்கு விஞ்ஞானம் வெறும் பாடமாக மட்டும் அமையவில்லை. புராண உலகநூற் கருத்துக்களைத் தகர்க்கும் கருவியாகவும் அவர்கள் அதனைக் கருதினர். 1829 ஆம் ஆண்டிலே நிகழ்ந்த சந்திர கிரகணம் குறித்து அராலியிற் கணிக்கப்பட்ட பஞ்சாங்கத்தின் கணிப்பும் பூர் அவர்களின் கணிப்பும் வேறுபட்டதும், அது பெரும் விவாதப்பொருளானதும் இப்பின்னணியிலேயே விளங்கிக்கொள்ளப்பட வேண்டும். ஆயின் இந்நிகழ்ச்சியை அறிவுக்கும் அறியாமைக்கும் இடையிலான மோதலென எளிமைப்படுத்திவிட முடியாது. பஞ்சாங்கக் கணிதரும் சூத்திரங்களைக் கொண்டு கணித்தவரே. கிரகணத்தை முன்கூட்டிச் சொல்லும் மரபு இங்கு நெடுங்காலமாக இருந்தது. செமினரியின் மற்றொரு அதிபரான ஹொய்சிங்டன் தமிழ் வானியற் கணிதமுறையை ஆங்கில விளக்கத்துடன் 1848 ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டமை அம்மரபின் தகுதிக்குச் சான்றாகும். கணிக்கும் மரபு தமிழில் இருந்தது. பரிசோதித்து, அளந்து, கணிப்பைத் திருத்திக்கொள்ளும் புதிய முறை ஆங்கிலத்தில் வந்து சேர்ந்தது. இரண்டையும் ஒரே மொழியில் இணைக்கும் பணியே எஞ்சி நின்றது.

1841 ஆம் ஆண்டிலே தோன்றிய உதயதாரகை தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளிவந்து பொது அறிவுச் செய்திகளை வாசகரிடம் கொண்டுசென்றது. செமினரியிற் கற்ற கறல் விசுவநாதபிள்ளை அட்சரகணிதத்தைத் தமிழில் விளக்கும் வீசகணிதம் என்னும் நூலை 1855 ஆம் ஆண்டில் வெளியிட்டார். அவரும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் 1857 ஆம் ஆண்டிற் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாயினர். ஆங்கிலவழியிற் கற்றவர் தமிழில் எழுத முனைந்தமைக்கு இவை நல்ல எடுத்துக்காட்டுக்கள்.

எனினும் செமினரி 1855 ஆம் ஆண்டிலே மூடப்பட்டது. அவ்வாண்டு அமெரிக்காவிலிருந்து வந்த மிசன் தூதுக்குழு, ஆங்கிலக் கல்வி பெற்றோர் சமயப்பணியை விடுத்து அரசாங்க உத்தியோகத்தையே நாடுகின்றனர் எனக் கருதித் தாய்மொழிக் கல்வியை வலியுறுத்தியது. அவர்களின் நோக்கம் சமயஞ் சார்ந்ததேயாயினும் அவர்கள் எழுப்பிய வினா ஆழமானது. ஒரு மொழியிற் பெற்ற கல்வி, அதனைப் பெற்றவனைத் தன் ஊரிலே நிறுத்துகின்றதா, அன்றி ஊரைவிட்டு வெளியே கொண்டுசெல்கின்றதா என்பதே அவ்வினா.

கிறீனின் திருப்பம்

இவ்வினாவுக்குச் செயல்வழியாக விடைகண்டவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் ஆவார். 1822 ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரிற் பிறந்த இவ்வைத்தியர் 1847 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயைத் தமது பணிமனையாகக் கொண்டு நோயாளரைக் கவனித்ததோடு இளைஞருக்கு மேலைநாட்டு வைத்தியத்தையும் போதித்தார். தொடக்கத்தில் அவருடைய வகுப்பும் ஆங்கிலத்திலேயே நடைபெற்றது. பயிற்சி முடித்தோர் கிராமங்களில் தங்காது வேறிடங்களில் வாய்ப்புத் தேடிச் சென்றதைக் கண்டபின், 1864 ஆம் ஆண்டு முதல் அவர் தமிழிலேயே வைத்தியம் போதிக்கலானார்.

இதற்கு நூல்கள் வேண்டியிருந்தன. கிறீனும் அவருடைய மாணவர்களும் மொழிபெயர்த்துப் பதிப்பித்தவை நாலாயிரம் பக்கங்களுக்கு மேற்பட்டவை. 1867 ஆம் ஆண்டில் இரண வைத்தியம், 1872 இல் மனுஷ அங்காதிபாதமும் வைத்தியாகரமும், 1875 இல் கெமிஸ்தம், 1883 இல் மனுஷ சுகரணம் என அவை தொடர்ந்து வெளிவந்தன. 1873 ஆம் ஆண்டில் அவர் தாயகம் திரும்பினார். எனினும் 1884 ஆம் ஆண்டிலே இறக்கும்வரை இப்பணியைக் கைவிடவில்லை.

கிறீனைப் பற்றி எழுதுவோர் அவரை மருத்துவத் தமிழின் முன்னோடி எனப் போற்றுவர். கவிஞர் அம்பி 1967 ஆம் ஆண்டில் எழுதிய ‘கிறீனின் அடிச்சுவடு’ அவரை மீண்டும் நினைவூட்டியது. ஆயின் நமது பொருளுக்கு இன்றியமையாத வேறொரு செய்தியும் உண்டு. கிறீன் 1850 களில் முதலில் எடுத்துக்கொண்ட நூல்களுள் ஒன்று கல்வின் கற்றர் எழுதிய உடலமைப்பு, உடற்றொழில், சுகாதாரம் பற்றிய நூலாகும். அது மருத்துவருக்கென எழுதப்பட்டதன்று. கல்லூரிகள், பாடசாலைகள், குடும்பங்கள் ஆகியவற்றுக்கென எழுதப்பட்டது. அவ்வாறே கெமிஸ்தத்தின் மூலமாகிய வெல்ஸ் என்பாரின் இரசாயன நூலும் அமெரிக்க உயர்பாடசாலைகளிலும் கல்லூரிகளிலும் வழங்கிய பாடநூலேயாகும். எனவே கிறீனின் வரிசையிலே உயர் மருத்துவம் மட்டுமன்றி, இரத்தோட்டம் எவ்வாறு நிகழ்கின்றது, காற்று எவற்றால் ஆயது என்பன போன்ற அடிப்படைப் பாடங்களும் தமிழ் வடிவம் பெற்றன. இரசாயனத்தின் அரிச்சுவடியை அறியாதவனுக்கு மருந்தியலைப் போதிக்க முடியாது என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

நூல்களின் பெயர்களே அவருடைய சொல்லாக்க நெறியைப் புலப்படுத்துகின்றன. வைத்திய மரபிலே வழங்கிய அங்காதிபாதம் போன்ற சொல் கிடைத்தவிடத்து அதனையே ஏற்றார். சுகரணம் போன்று வடமொழி வேரைக் கொண்டு ஆக்கியவை சில. இரண்டும் உதவாதவிடத்து, கெமிஸ்தம் என்பதிற்போல, அயற்சொல்லைத் தமிழ் ஓசைக்கு இயையத் திரித்துக்கொண்டார். இருப்பதை எடுத்தல், இல்லாததை ஆக்கல், ஆக்கவியலாததை ஏற்றல் என்னும் இம்மூன்று வழிகளும் பின்வந்த சொல்லாக்கக் குழுக்கள் யாவற்றிலும் வெவ்வேறு அளவிலே தொடர்வதை நாம் காணலாம்.

தொடர்ச்சி அறுந்தமை

கிறீனின் நூல்கள் அடுத்த தலைமுறையினரின் கைகளுக்குச் செல்லவில்லை. 1870 ஆம் ஆண்டிலே கொழும்பில் மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. அதன் மொழி ஆங்கிலம். அரசாங்க அங்கீகாரமும் உத்தியோகமும் அவ்வழியிலேயே கிடைத்தன. தமிழிற் கற்ற வைத்தியனுக்கு மேற்படிப்பும் இல்லை, பதவி உயர்வும் இல்லை. சொற்கள் நூல்களில் இருந்தன. அவற்றை வகுப்பிலே சொல்லும் ஆசிரியரும், தேர்விலே எழுதும் மாணவரும் இல்லாதொழிந்தனர். ஒரு கலைச்சொல் உயிர்வாழ்வது அகராதியிலன்று, வகுப்பறையிலும் தொழிற்களத்திலுமே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இதன்பின் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரையும் ஆய்வுகூடத்துடன் கூடிய விஞ்ஞானக் கல்வி பெரும்பாலும் கட்டணம் அறவிட்ட ஆங்கிலக் கல்லூரிகளின் சொத்தாகவே இருந்தது. தமிழ்ப் பாடசாலை மாணவன் எழுத்தும் வாசிப்பும் கணக்கும் கற்றான். சோதனைக் குழாயை அவன் கண்டதில்லை. இருவகைப் பாடசாலைகள் இருவகைப் பிரசைகளை உருவாக்கின.

இவ்விடைக்காலத்திலே விஞ்ஞானத்தையும் தமிழையும் ஒருங்கே கற்ற சிலர் பாலமாக நின்றனர். அவர்களுள் சுவாமி விபுலாநந்தர் தலைசிறந்தவர். காரைதீவிற் பிறந்து, விஞ்ஞானம் பயின்று, 1920 ஆம் ஆண்டில் இலண்டன் விஞ்ஞானப் பட்டதாரியான அவர், 1930 களிலே சென்னையில் நடைபெற்ற கலைச்சொல்லாக்க முயற்சியில் முன்னின்று உழைத்தார். பின்னர் 1943 ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியரானார். விஞ்ஞானம் கற்றவரே சொல்லாக்கத்திலும் முன்னிற்றல் வேண்டும் என்பதற்கு அவர் வாழ்வு உதாரணமாகும்.

சுயமொழிக் கல்வியும் சொற்றொகுதிகளும்

சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் தலைமையில் அமைந்த குழுவின் 1943 ஆம் ஆண்டு அறிக்கையும் அதன்வழி 1945 இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும் நிலைமையை அடியோடு மாற்றின. தாய்மொழி முதலில் ஆரம்ப வகுப்புக்களிலும் பின்னர் 1950 களில் இடைநிலை வகுப்புக்களிலும் போதனாமொழியாயிற்று. 1960 ஆம் ஆண்டிலே சுயமொழியிற் கற்ற கலைத்துறை மாணவர் பல்கலைக்கழகத்தினுட் புகுந்தனர். விஞ்ஞானமும் இவ்வழியிற் சென்றே ஆகவேண்டியதாயிற்று.

கிறீனின் காலத்தில் ஒருவரும் அவருடைய மாணவரும் செய்த பணியை இப்போது அரசகரும மொழித் திணைக்களம் மேற்கொண்டது. பௌதிகவியல், இரசாயனவியல், தாவரவியல் முதலிய துறைகளுக்கெனக் கலைச்சொற்றொகுதிகள் வெளிவந்தன, பாடநூல்கள் மொழிபெயர்க்கப்பட்டன. இக்குழுக்கள் தமிழ் எழுத்து மரபைப் பெரிதும் பேணின. ஒட்சிசன், ஐதரசன், நைதரசன், காபன், இலத்திரன் என இன்று நாம் இயல்பாக எழுதும் வடிவங்கள் கிரந்த எழுத்தைத் தவிர்த்தும், லகர ரகரங்களை மொழிமுதலில் நிறுத்தாதும் அமைக்கப்பட்டவை. காபனீரொட்சைட்டு என்னும் சொல்லில் ‘ஈர்’ என்னும் தமிழ் எண்ணுப்பெயர் இரண்டு ஒட்சிசன் அணுக்களைச் சுட்டி நிற்கும் நயம் கருதத்தக்கது. அச்சொல்லைப் பிரிக்கத் தெரிந்த மாணவன் அச்சேர்வையின் அமைப்பையும் ஓரளவு அறிந்தவனாகின்றான்.

1972: எல்லோருக்கும் விஞ்ஞானம்

எனினும் 1970 களின் தொடக்கம்வரை விஞ்ஞானம் தெரிந்தெடுக்கப்பட்ட சிலரின் பாடமாகவே இருந்தது. ஆய்வுகூடமும் தகுதிபெற்ற ஆசிரியரும் இல்லாத கிராமப் பாடசாலைகளிலே அது பெயரளவில் மட்டும் இருந்தது. 1972 ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம் ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்புவரை மாணவர் அனைவருக்கும் ஒன்றிணைந்த விஞ்ஞானத்தைப் பொதுப்பாடமாக்கியது. பௌதிகம், இரசாயனம், உயிரியல் என வேலியிட்டுப் பிரிக்காது, சூழலிற் காணும் நிகழ்ச்சிகளினூடாக எண்ணக்கருக்களை வளர்ப்பதும், செயல்வழிக் கற்பித்தலும் அதன் அடிப்படைகளாயின. இதற்கான புதிய தேர்வு 1975 ஆம் ஆண்டில் முதன்முறையாக நடத்தப்பட்டது. 1977 ஆம் ஆண்டு ஆட்சி மாற்றத்தின் பின்னர் அத்தேர்வு கைவிடப்பட்டு முன்னைய சாதாரண தரம் மீண்டதாயினும், இடைநிலை மாணவர் அனைவரும் விஞ்ஞானம் கற்றல் வேண்டும் என்னும் கொள்கை நிலைத்தது. 1980 ஆம் ஆண்டு முதல் வழங்கப்பட்ட இலவசப் பாடநூல்கள் அதனை வறிய வீடுகளுக்கும் கொண்டுசென்றன.

அதே காலப்பகுதியில் மொழியடிப்படையிலே வெட்டுப்புள்ளிகளை வேறுபடுத்திய தரப்படுத்தல் முறை 1971 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்து, தமிழ்மொழி மூல விஞ்ஞான மாணவரின் பல்கலைக்கழக வாயிலைக் குறுக்கியமையும் மறக்கற்பாலதன்று. விஞ்ஞான வகுப்பறையின் கதவு அகலத் திறந்த வேளையில், அதனூடாகச் சென்றோரின் அடுத்த கதவு ஒடுங்கியது. கற்பித்தலின் மொழி வெறும் கற்பித்தற் பிரச்சினையாக நின்றுவிடுவதில்லை என்பதை அத்தலைமுறை தன் வாழ்விலேயே கண்டது.

சொல்லும் எண்ணக்கருவும்

இனி, இவ்வாறு வந்து சேர்ந்த சொற்கள் இடைநிலை மாணவனின் உள்ளத்திலே எவ்வாறு தொழிற்படுகின்றன என்பதை நோக்குவோம்.

முதலாவதாக, பழகிய சொல் துணையும் ஆகும், தடையும் ஆகும். நீர் நிறைந்த வாளியை அசையாது தூக்கிப் பிடித்திருப்பவன் களைத்துப்போகின்றான். அவன் ‘வேலை’ செய்தான் என்றே எவரும் கூறுவர். விசையின் திசையிலே இடப்பெயர்ச்சி இல்லாமையால் அவன் வாளியின்மீது செய்த வேலை பூச்சியம் என்கின்றது பௌதிகம். மாம்பழம் ‘சூடு’, இளநீர் ‘குளிர்ச்சி’ என்று வீட்டிற் கற்ற மாணவனுக்கு இரண்டும் அறை வெப்பநிலையிலேயே உள்ளன என்பதை வெப்பமானி காட்டும்போது திகைப்பு உண்டாகின்றது. இத்திகைப்பை நல்லாசிரியர் வீணாக்குவதில்லை. வீட்டுச் சொல் உடலின் உணர்வைக் குறிக்கின்றது, பாடநூற் சொல் அளவையைக் குறிக்கின்றது என இரண்டையும் பிரித்துக் காட்டுவதே கற்பித்தலாகும். வீட்டுச் சொல்லைப் பிழையென்று தள்ளுபவன் மாணவனின் அனுபவத்தையே தள்ளிவிடுகின்றான்.

இரண்டாவதாக, பொருள் விளங்கும் சொல் எப்போதும் சரியான பொருளையே விளக்கும் என்பதில்லை. ஒட்சிசனைப் பிராணவாயு என்றும் காபனீரொட்சைட்டைக் கரியமிலவாயு என்றும் வழங்கிய காலமும் உண்டு. பிராணவாயு என்பது இனிய சொல். ஆயின் தாவரம் பிராணவாயுவை வெளியிடுகின்றது என்று கற்கும் மாணவன், தாவரம் அதனை உள்ளெடுப்பதில்லை என்று எளிதில் முடிவுசெய்துவிடுகின்றான். தாவரமும் இரவுபகலாகச் சுவாசிக்கின்றது என்னும் எண்ணக்கரு அங்கு மறைந்துபோகின்றது. மறுபுறத்தில், பிரசாரணம் என்னும் நமது சொல் மாணவனுக்கு எதனையும் உணர்த்துவதில்லை. தமிழ்நாட்டார் வழங்கும் சவ்வூடு பரவல் என்பதோ நிகழ்ச்சியையே கண்முன் நிறுத்துகின்றது. எனவே தூய தமிழ்ச்சொல்லா அயற்சொல்லா என்னும் பொது விவாதத்தினும், இச்சொல் இவ்வெண்ணக்கருவுக்கு உதவுகின்றதா என்னும் தனித்தனி ஆய்வே பயனுடையது.

மூன்றாவதாக, பழைய சொற்கள் தத்தம் வரலாற்றையும் சுமந்து வருகின்றன. பௌதிகம் என்பது பூதம் என்னும் வேரினின்று வந்தது. இரசாயனம் மருத்துவ மரபிற்குரியது. அணு என்பது சைவ தத்துவ நூல்களிலே ஆன்மாவையும் குறிக்கும். இவ்வரலாற்றை மாணவனுக்கு எடுத்துரைப்பது பாடத்தைத் திசைதிருப்புவதாகாது. ஒரே சொல் வெவ்வேறு சிந்தனை முறைகளில் வெவ்வேறு பணி செய்கின்றது என்னும் தெளிவே விஞ்ஞான மனப்பாங்கின் ஒரு கூறாகும்.

நான்காவதாக, பாக்குநீரிணையின் இரு கரைகளிலும் சொற்கள் பிரிந்துவிட்டன. இங்கு திணிவும் நிறையும் எனப்படுபவை அங்கு நிறையும் எடையும் ஆகும். அதாவது, ஈழத்து மாணவன் நியூற்றனில் அளக்கும் கணியத்தை ‘நிறை’ என்கிறான். தமிழ்நாட்டு மாணவன் கிலோகிராமில் அளக்கும் கணியத்துக்கும் அதே பெயர். சந்திரனுக்குச் சென்றால் நிறை ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகும் என்பது இங்கு சரி, அங்கு தவறு. இவ்வாறே வேகம் என்பது இங்கு திசையுடன் கூடிய கணியம்; அங்கு திசையற்றது. அமுக்கம் - அழுத்தம், ஆர்முடுகல் - முடுக்கம், மூலகம் - தனிமம், சேர்வை - சேர்மம் என்னும் வேறுபாடுகள் சிறு விளக்கத்தால் தீர்வன. நிறை, வேகம் என்பன தவறான புரிதலுக்கே இட்டுச்செல்வன. ஒரு கரையின் நூலை மறுகரையினர் வாசித்துப் பயனடையும் இக்காலத்தில், இவ்விரண்டையும் ஒப்புநோக்கும் சிறு சொற்றொகுதியொன்றேனும் ஒவ்வொரு பாடசாலை நூலகத்திலும் இருத்தல் வேண்டும்.

இன்றைய நிலையும் நம் கடமையும்

2001 ஆம் ஆண்டு முதல் உயர்தர விஞ்ஞானப் பிரிவிலும் அடுத்து ஆறாம் வகுப்பு முதலாகவும், வசதியுள்ள பாடசாலைகளிலே சில பாடங்களை ஆங்கிலத்தில் கற்பிக்க இடமளிக்கப்பட்டது. பல்கலைக்கழக விஞ்ஞான, மருத்துவ, பொறியியற் பீடங்கள் ஆங்கிலத்திலேயே போதிக்கின்றன. உலக அறிவின் பெரும்பகுதி அம்மொழியிற் கிடைக்கும்போது ஆங்கிலம் வேண்டாமென எவரும் கூறமுடியாது. ஆயின், ஆங்கில ஆசிரியர் கிடைக்கும் பாடசாலைக்கு ஒரு விஞ்ஞானம், கிடைக்காத பாடசாலைக்கு இன்னொரு விஞ்ஞானம் என்னும் நிலை தோன்றுமாயின், 1945 ஆம் ஆண்டுக்கு முந்திய இருவகைப் பாடசாலைகளை நாம் வேறு பெயரில் மீட்டெடுத்தவர்களாவோம். தமிழ்வழி விஞ்ஞானம் ஆங்கிலம் வாய்க்காதோருக்கு இடப்படும் மிச்சப்பாடமாகக் குறுகிவிட்டால், கிறீனின் நூல்களுக்கு நேர்ந்த கதியே நம் பாடநூல்களுக்கும் நேரும்.

அதனைத் தடுப்பது சொற்றொகுதிக் குழுக்களால் மட்டும் ஆவதன்று. ஆங்கிலத்திலே விஞ்ஞானம் பயிலும் பல்கலைக்கழக மாணவர், தாம் கற்றதைத் தமிழில் எழுதவும் பேசவும் முன்வருதல் வேண்டும். விடுமுறைக் காலத்திலே தம் ஊர்ப் பாடசாலைக்குச் சென்று, ஆறாம் ஏழாம் வகுப்பு மாணவருக்கு ஒரு பரிசோதனையைச் செய்துகாட்டி, அதனைத் தமிழில் விளக்க முயல்வோர், அவ்வெண்ணக்கருவைத் தாம் உண்மையில் விளங்கிக்கொண்டோமா என்பதையும் அங்கேயே அறிந்துகொள்வர். கிறீனுடைய மாணவர் மொழிபெயர்த்தபோது தாமும் கற்றனர். அப்பணியை நிறுத்தியதாலே ஒரு நூற்றாண்டை இழந்தோம். மீண்டும் ஒருமுறை அவ்வாறு இழப்பதற்கு நம்மிடம் காலமும் இல்லை, நியாயமும் இல்லை.